வகுப்புத் திரையில் டாஸ்க்பாருக்கு என்ன வேலை?

 

கொஞ்சம் நீளமான பதிவுதான். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிற பெற்றாரும், எங்களைப் போல லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கும் டியூஷனுக்கும் ஓடுகிற ஆசிரியர்களும் கடைசிவரை வாசியுங்கள்.

நடந்ததை முதலில் சொல்கிறோம். எந்தப் பாடசாலை, எந்த வகுப்பு என்று கொமென்டில் கேட்க வேண்டாம். எங்களில் ஒருவர் புரொஜெக்டர் போட்டு விஞ்ஞான பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சுவரில் இதயத்தின் படம். அடுத்து ஒரு வீடியோ காட்ட வேண்டும். சுவர்த் திரையின் அடியிலேயே டாஸ்க்பார் இருந்ததால் அங்கேயே மவுஸைக் கொண்டுபோனார். வழியில் அது வேர்டின் நீல ஐகனில் ஒரு விநாடி நின்றுவிட்டது. நின்றால் திறந்திருக்கும் கோப்பின் பெயரும் ஒரு சின்னப் படமும் மேலே எழும்பும், தெரியும்தானே. எழும்பியது. ஒரு பிள்ளையின் முழுப்பெயர், பக்கத்தில் 'ஸகாத் விண்ணப்பம்'. சுவரில் அந்த எழுத்து கையளவு பெரிது.

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் "டீச்சர், அது என்ன?" என்று கேட்டது. பெயருக்குரிய பிள்ளை இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் தாய் வந்தார். சண்டை பிடிக்கவில்லை. "உதவி வேண்டாம் மிஸ், நாங்க எப்படியாவது பார்த்துக்கொள்றம்" என்றார். அவ்வளவுதான்.

வலக்கை, இடக்கை பற்றிய ஹதீஸை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? இங்கே நாற்பது பிள்ளைகள் அறிந்துவிட்டார்கள்.

இதைச் சக ஆசிரியர்களிடம் சொன்னபோது கிடைத்த பதில்தான் இந்தப் பதிவை எழுதவைத்தது. "கவனமாக இருந்திருக்கலாமே." "இதெல்லாம் சின்ன விஷயம்." "வகுப்புக்குக் கொண்டுபோகிற லெப்டொப்பில் இதையெல்லாம் ஏன் வைக்கிறீர்கள்?" கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில்: ஏனென்றால் அது எங்கள் சொந்த லெப்டொப். தவணைக்கு வாங்கியது. பாடத்திட்டம், புள்ளிப் பட்டியல், பெற்றாரின் வட்சப், வங்கி விபரம், பிள்ளையின் விண்ணப்பம் எல்லாம் அந்த ஒன்றில்தான். இரண்டாவது லெப்டொப் வாங்கித் தருகிறவர் இருந்தால் இன்பொக்ஸுக்கு வரவும்.

கவனம் என்பது மனிதருக்கு நாள் முழுக்க நிற்காது. ஏழு பாடவேளை நின்று பேசிய ஆசிரியரின் மவுஸ் எங்கே ஒரு விநாடி நிற்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? கவனத்தை நம்பாமல் கணினியைச் சரிசெய்ய முடியும் என்னும்போது, ஆசிரியரைக் குற்றம் சொல்வது சோம்பேறித்தனம்.

இந்தப் பட்டை இரண்டாவது திரைக்கு வந்த கதை சுவாரசியமானது. விண்டோஸ் 7 வரை டாஸ்க்பார் பிரதான திரையில் மட்டும்தான். இரண்டு மொனிட்டர் வைத்து அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு அது போதவில்லை. இரண்டாவது திரைக்கும் பட்டை வேண்டும் என்று வேறு மென்பொருள் போட்டுக்கொண்டார்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 அதை எல்லாத் திரைக்கும் கொடுத்தது. அவர்களுக்கு அது நியாயம், இரண்டு திரையையும் பார்ப்பது ஒரே ஆள். எங்கள் இரண்டாவது திரையைப் பார்ப்பது நாங்கள் அல்ல. யாரோ ஒருவரின் மேசைக்காகச் செய்த வசதி எங்கள் வகுப்புச் சுவரில் வந்து நிற்கிறது, அதை அகற்றலாம் என்று எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஸ்லைட்டில் எழுத்து பறந்து வருவதை மூன்று மணித்தியாலம் கற்றோம்.

செய்ய வேண்டியது இதுதான். விண்டோஸ் பட்டனோடு P அழுத்துங்கள். டூப்ளிகேட் வேண்டாம், எக்ஸ்டென்ட் தெரிவுசெய்யுங்கள். டூப்ளிகேட்டில் இரு திரையிலும் ஒரே படம், அங்கே எதையும் பிரித்து மறைக்க முடியாது. பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் லெப்டொப்பின் திரையைப் பிரதான திரை ஆக்குங்கள். பிறகு டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸுக்குப் போய், எல்லாத் திரையிலும் டாஸ்க்பாரைக் காட்டு என்று ஆங்கிலத்தில் இருக்கும் தெரிவை நிறுத்துங்கள். விண்டோஸ் 11இல் அது 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்பதற்குள் இருக்கும். மெக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: திரையின் அடியில் மவுஸை அழுத்தினால் டொக் அந்தத் திரைக்கே தாவிவிடும். டொக்கை இடப்பக்கம் வைத்து, டிஸ்ப்ளே வரிசையில் மெக்கின் சொந்தத் திரையையும் இடப்பக்கமே வைத்துவிட்டால் தாவாது.

"ஓட்டோ ஹைட் போட்டால் போதாதா?" போதாது. மவுஸ் அடியில் பட்டதும் பட்டை எழும்பும்.

எக்ஸ்டென்டில் ஒரு கஷ்டம் உண்டு, மறைக்கவில்லை. சுவரில் இருப்பது உங்கள் திரையில் தெரியாது, கழுத்தைத் திருப்ப வேண்டும், மவுஸ் எங்கே போனது என்று தேட வேண்டும். முதல் வாரம் எங்களுக்கும் எரிச்சல்தான். பவர்பொயின்ட் என்றால் பிரசென்டர் வியூ இருக்கிறது, மற்றதற்குக் கழுத்துத்தான். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்த பிறகு கழுத்துவலியைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

வகுப்போடு முடிகிற விஷயமும் இல்லை. காலி வீதியில் போட்டோகொப்பி அடிக்கும் கடைகள் சிலவற்றில் வாடிக்கையாளர் பக்கம் திருப்பிய இரண்டாவது மொனிட்டர் இருக்கும். எங்கள் ஃபோர்மைச் சரிபார்க்க நிற்கும்போது, அடியில் இருக்கும் பட்டையில் முன்னால் வந்தவரின் அடையாள அட்டைக் கோப்பு, அவர் பெயரோடு. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. கடை முதலாளிமாரே, உங்களுக்குக் கழுத்தைத் திருப்புகிற வேலைகூட இல்லை.

ஸ்மார்ட் போர்ட் அன்பளிப்புச் செய்கிற பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல். ரிப்பன் வெட்டுங்கள், பெயர்ப்பலகையும் போடுங்கள். போகும் முன் லெப்டொப்பை இணைத்து இந்தத் தெரிவை நிறுத்திக் காட்டிவிட்டுப் போங்கள், ஃபோட்டோ எடுக்கிற நேரம்கூட ஆகாது.

எங்கள் ஆசிரியர் அறையில் ஆறு லெப்டொப்புக்குச் செய்து முடித்தோம். இன்னும் மூன்று பாக்கி. அதில் ஒன்றின் சொந்தக்காரர் இது சின்ன விஷயம் என்று சொன்னவர், இந்தப் பதிவை வாசித்துக்கொண்டிருப்பார். சேர், திங்கட்கிழமை இன்டர்வெல்லுக்குக் கொண்டு வாருங்கள்.