பானை உடைத்தவனை விடுங்கள், சீட்டுக் கிழிப்பவனைப் பிடியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆட்கள் நாலு குடும்பம் கூடினால், இட்லிக்கும் காபிக்கும் நடுவில் ஒரு தீர்ப்பு கட்டாயம் வரும். "இந்த வீடியோ கேமால்தான் பிள்ளைங்க கெட்டுப் போகுதுங்க. எப்பப் பாரு வாளு, ரத்தம், பேய், பிசாசு." நொய்டாவில் பொட்டி தட்டிக்கொண்டே இருபது வருஷமாக ரோல்-பிளேயிங் கேம் (செல்லப் பெயர் ஆர்பிஜி) ஆடி வருகிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: குற்றம் இருக்கிறது மக்களே. ஆனால் நீங்கள் பிடித்து வைத்திருப்பது தப்பான ஆளை.

முதலில் கதையைப் பார்ப்போம். ஹீரோவுக்குப் பழசெல்லாம் மறந்திருக்கும். அல்லது அவன் ஊரை வில்லன் கொளுத்தியிருப்பான். அல்லது அவன்தான் உலகத்தைக் காக்கப் பிறந்தவன் என்று ஒரு கிழவர் வந்து சொல்லுவார். டிராகன் குவெஸ்ட் வரிசையில் ஹீரோ அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்து பானையை உடைத்துக் காசு எடுப்பான், வீட்டுக்காரன் நின்று வேடிக்கை பார்ப்பான். 1997-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7-ல் வானத்தில் விண்கல் பூமியை நோக்கி வந்துகொண்டே இருக்கும், நாம் நிம்மதியாகப் பறவைப் பந்தயம் ஓட்டிக்கொண்டிருப்போம். 2015-ல் வந்த விட்சர் 3-ல் காணாமல் போன பெண்ணைத் தேட வேண்டிய ஹீரோ ஊர் ஊராகச் சீட்டாடலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

மொக்கைதான். ஆனால் தொலைந்துபோன தம்பி, பழிவாங்கும் அண்ணன் என்று தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நாம் இதைப் பார்த்துப் பயப்படலாமா? 'அண்ணாமலை'யில் பால்காரர் ஒரே பாட்டில் பணக்காரர் ஆவார். ஆர்பிஜி என்பது அந்த ஒரு பாட்டை எண்பது மணி நேரத்துக்கு இழுப்பது, அவ்வளவுதான் :-)

விவகாரம் கதையில் இல்லை. அந்த எண்பது மணி நேரத்தை எப்படி இழுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் கொண்டுவந்தார்கள். மேஜை, காகிதம், பகடை. அனுபவப் புள்ளி சேர்த்தால் லெவல் ஏறும் என்ற வழக்கம் அதிலிருந்துதான் பரவியது. எதிரே நடத்துநராக ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தார், போரடித்தால் கதையைத் திருப்பிவிட்டார். 1986-ல் ஜப்பானில் முதல் டிராகன் குவெஸ்ட் வந்தபோது அந்த மனுஷன் இடத்தில் 64 கிலோபைட் கார்ட்ரிட்ஜ். அதில் எவ்வளவு கதையை அடைக்க முடியும்? ஆகவே ஸ்லைம் என்கிற கொழகொழப் பிராணியை அடி, ஒரு புள்ளி. ஏழு புள்ளிக்கு இரண்டாம் லெவல். திரும்ப அடி. கிரைண்டிங் என்கிற அரைப்பு இப்படி வளர்ந்தது. அன்றைக்கு அது இடப் பற்றாக்குறை. அதை நான் மன்னிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த அரைப்பில் ஒரு ஆறுதல் இருக்கிறது. ஆபீசில் வருஷம் முழுக்க ஆணி புடுங்கினாலும் அப்ரைசல் அன்று பெல் கர்வ் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கேமில் அப்படி இல்லை. உழைத்தால் ஏறும். தாத்தா வீடு பக்கத்தில் இல்லாமல், வகுப்பில் பேச மொழி சரியாக வராமல், பதினோராவது மாடியில் வளரும் நம் பிள்ளைக்கு இந்த நியாயம் பிடித்துப் போவதில் ஆச்சரியம் என்ன?

அந்த நம்பிக்கையைத்தான் இப்போது காசாக்குகிறார்கள். என் கோபம் அங்கேதான்.

2006 ஏப்ரலில் ஒப்லிவியன் கேமில் குதிரைக்குக் கவசம் இரண்டரை டாலருக்கு விற்றார்கள். உலகமே கேலி செய்தது. ஆனால் குதிரைக் கவசம் நேர்மையான வியாபாரம். காசு கொடு, கவசம் வாங்கு. இப்போது போனில் இலவசமாக வரும் ஆர்பிஜி பலவற்றில் கதாபாத்திரத்தைக் குலுக்கலில்தான் எடுக்க வேண்டும். பெயர் காச்சா. ஜப்பானில் நாணயம் போட்டால் பொம்மை உருளும் இயந்திரத்தின் பெயர்.

2020-ல் வந்த கென்ஷின் இம்பாக்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழ அடிப்படை வாய்ப்பு ஒரு இழுப்புக்கு 0.6 சதவீதம். 90-வது இழுப்பில் ஒன்று உறுதி. ஆட்டக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பிட்டி', அதாவது இரக்கம்! அதுவும் விரும்பிய பாத்திரமாக இருக்க வேண்டியதில்லை. துரதிர்ஷ்டம் முழுசாக இருந்தால் 180 இழுப்பு. ஒரு இழுப்புக்கு 160 கற்கள், 90-க்கு 14,400. தினசரி நாலு வேலையை முடித்தால் 60 கல். வேறு வழிகளிலும் கல் கிடைக்கும், ஆனால் இதை மட்டும் நம்பினால் 240 நாள். அல்லது அப்பாவின் கார்டு.

காசு நேராகக் கல்லாகவும் ஆகாது. காசு ஒரு படிகமாகி, படிகம் கல்லாகி, கல் சீட்டாகும். மூன்று கை மாறினால் எத்தனை ரூபாய் போயிற்று என்று பிள்ளைக்குத் தெரியாது. மேலும் 'ரெசின்' என்று ஒன்று, எட்டு நிமிஷத்துக்கு ஒன்று வீதம் 200 வரை ஊறும். 26 மணி 40 நிமிஷத்தில் நிரம்பிவிடும். அப்புறம் உள்ளே வராவிட்டால் நஷ்டம். விளையாட்டா இது? ஷிப்ட் வேலை.

2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். நம் வீட்டு ஹாலில் சோபாவில் வேறு பெயரில் சீட்டுக் கிழிகிறது. நாமோ "ரத்தம் வருதா?" என்று எட்டிப் பார்க்கிறோம்.

மற்ற நாடுகள் கொஞ்சம் விழித்தன. ஜப்பான் 2012-ல் காச்சாவில் ஒரு வகையைச் சட்டவிரோதம் என்றது. பெல்ஜியம் 2018-ல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டச் சட்டத்தில் சேர்த்தது. அமெரிக்காவில் கென்ஷினை நடத்தும் நிறுவனம் 2025 ஜனவரியில் இரண்டு கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதமின்றி லூட் பாக்ஸ் விற்காமலிருக்கவும் ஒப்புக்கொண்டது.

"வேறு வழியில் சம்பாதிக்க முடியாது சார்" என்று யாராவது வந்தால், 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-ஐக் காட்டுங்கள். ஒரு தடவை வாங்கினால் போதும், உள்ளே கடை கிடையாது, லெவலும் பன்னிரண்டோடு நின்றுவிடும். அப்படியும் உலகம் கொண்டாடியது. 2015-ல் வந்த அண்டர்டேல் இன்னும் ஒரு படி மேல். புள்ளி சேர்ப்பதென்றால் கொலை எண்ணிக்கை என்று ஆட்டக்காரனிடமே முகத்துக்கு நேராகச் சொல்லும்.

ஆகவே போனைப் பிடுங்காதீர்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். இதில் விரும்பியதை வாங்கலாமா, குலுக்கல்தானா? குலுக்கல் என்றால் வாய்ப்பு எத்தனை சதவீதம்? இரண்டு நாள் ஆடாமல் இருந்தால் என்ன போகும்? சதவீதக் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். ஸ்கூல் பாடத்துக்கும் ஆச்சு.

டிஸ்கி: பானை உடைப்பது தப்பில்லையா என்று தங்கமணி கேட்கிறார். கேமில் தப்பில்லை. வீட்டில் உடைத்தால் எனக்கு எந்த லெவலும் மிஞ்சாது.