செத்துப்போச்சுன்னு சொல்லாதீங்க!



எங்கள் வீட்டில் போன மாசம் நான்கு நாள் துக்கம் மாதிரி இருந்தது. காரணம் ஒரு பழைய பி.எஸ்.பி. கேம் மெஷின். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் மாமா, செகண்ட் ஹேண்டில் வாங்கித் தம்பிக்குக் கொடுத்தது. கம்பெனி சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு வேறு சாஃப்ட்வேர் போட்ட மெஷின்.

தம்பி அதில் 6.60ஐ 6.61 ஆக மாற்றப் போனான். பாதியில் கரண்ட் போச்சு. நம்ம மலையில் மழைக்காலத்தில் இது புதுசா? பேட்டரி 80 சதவீதம் என்று காட்டியது, ஆனால் வீங்கிப்போன கிழ பேட்டரி. ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் பச்சை லைட் மட்டும் எரியுது, திரை கறுப்பு. பயல் அதைச் சாமை மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

தருமபுரியில் ஒரு கடையில் காட்டினோம். "செத்துப்போச்சு, தூக்கிப் போடு" என்றார்கள். என் வகுப்பு நண்பன் ஒருவனோ, "மாத்தின மெஷின்தானே, நல்லா வேணும்" என்றான். எனக்குக் கோபம் வந்தது இந்தப் பேச்சுக்குத்தான்.

மெஷின் உள்ளே 32 எம்.பி. நினைவகம் இருக்கிறது. அப்டேட் என்றால் அதிலுள்ள பழைய ஃபைல்களை அழித்துப் புதுசு எழுதுவது. பழைய கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுசு வேய்வதற்குள் மழை வந்தால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. மாற்றாத மெஷினாக இருந்தாலும் இதேதான். குற்றம் கரண்டும் பேட்டரியும். அவசரமும்தான். 2014இல் விற்பனையையே நிறுத்திய மெஷினுக்கு 2015இல் வந்த 6.61ஆல் தம்பிக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. நம்பர் பெரிசா இருக்கு என்று போட்டானாம்!

மாமாவுக்குப் போன் போட்டோம். "ஆர் பட்டனை அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணிப் பாரு" என்றார். மாற்றிய மெஷினில் அப்படிச் செய்தால் ரிப்பேர் மெனு வரும். வரவில்லை. அந்த மெனுவும் சேர்ந்தே அழிந்திருந்தது. "சரி, பண்டோரா கொண்டு வரேன்" என்றார்.

பி.எஸ்.பி. பேட்டரிக்குள் ஒரு சின்ன சிப்பில் வரிசை எண் இருக்கும். அந்த எண்ணில் எட்டு இடத்திலும் 'எஃப்' என்று எழுதிவிட்டால், மெஷின் தன் நினைவகத்தைத் தேடாமல் மெமரி ஸ்டிக்கிலிருந்து நேராகக் கிளம்பும். கம்பெனி தன் சர்வீஸ் ஆட்களுக்காக வைத்திருந்த ரகசிய வழி இது. 2007இல் மெஷினை மாற்றுகிறவர்கள் கண்டுபிடித்து ஊருக்கே சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் பண்டோரா பேட்டரி என்று பெயர். (கிரேக்கக் கதையில் பண்டோரா ஜாடியில் கடைசியாக மிச்சம் இருந்தது நம்பிக்கையாம். பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்.) பிந்தைய 3000 மாடலில் இந்த வழியை அடைத்துவிட்டார்கள். எங்களுடையது 1000, தப்பித்தோம்.

மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தார். நண்பரிடம் வாங்கிய பேட்டரி, தயார் செய்த மெமரி ஸ்டிக். போட்டவுடன் திரையில் வெளிச்சம். முதலில் 5.00 ஏற்றி, நல்ல பேட்டரி மாற்றி, பிறகு 6.60. அடுப்படியிலிருந்து அம்மாவே எட்டிப் பார்த்தார்.

காப்பி கேம் போடத்தான் நிறையப் பேர் மாற்றினார்கள், உண்மை. அது தப்பு என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்ப்பதும், சரிசெய்யக் கற்றுக்கொள்வதும் எப்படித் தப்பாகும்? திறந்து பார்த்தவர்கள் இல்லாவிட்டால் மாமாவின் சம்பளக் காசு குப்பைக்குப் போயிருக்கும். தெரியாத கடைக்காரர் "எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கலாமே, ஏன் "செத்துப்போச்சு" என்றார்?

தம்பியை யாரும் அடிக்கவில்லை. பேட்டரியை மாமா எங்கள் வீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறார். யாரிடமாவது கறுப்புத் திரையோடு 1000 மாடல் இருந்தால் கொண்டு வாங்க. பள்ளிக்கு வேண்டாம், சார் பிடுங்கிக்கொள்வார். வீட்டுக்கு வாங்க, சார்ஜரோடு.