காபி வண்டலும் கிளி ஜோசியமும்

பெர்ன்ஹில் பக்கம் எந்த டீக்கடைக்குப் போனாலும், குடித்து முடித்த கிளாஸின் அடியில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. சுற்றிலும் தேயிலைதான். ஆனால் கடையில் கொதிப்பது டஸ்ட் டீ. சக்கை எல்லாம் துணி வடிகட்டியிலேயே தங்கிவிடும். பில்டர் காபியும் அப்படித்தான். வண்டலைப் பார்த்து எதிர்காலம் சொல்லும் வித்தை நீலகிரியில் வராமல் போனதற்குக் காரணம் பகுத்தறிவு அல்ல, வடிகட்டி என்றுகூடச் சொல்லலாம்!

துருக்கியில் வடிகட்டுவதே கிடையாது. மாவு போல் அரைத்த காபித்தூளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அப்படியே சின்னக் கோப்பையில் ஊற்றுவார்கள். குடித்ததும் கோப்பையைத் தட்டால் மூடிக் கவிழ்த்து, ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சீக்கிரம் ஆற மேலே மோதிரமோ நாணயமோ வைப்பதும் உண்டு. பிறகு எடுத்துப் பார்த்தால் உள்ளே கோடும் கறையுமாக இருக்கும். பறவை தெரிந்தால் செய்தி வரும், பாதை தெரிந்தால் பயணம், மீன் என்றால் அதிர்ஷ்டம்.

வேடிக்கை என்னவென்றால், துருக்கியில் 1925-லேயே குறி சொல்லும் தொழிலுக்குச் சட்டப்படி தடை போட்டுவிட்டார்கள். கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? காபிக்குத்தான் காசு, குறி இலவசம் என்று எழுதி வைத்தார்கள். 2013-ல் துருக்கிக் காபிப் பண்பாட்டை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, வண்டலில் குறி பார்ப்பதும் அந்தக் குறிப்பில் இடம்பெற்றது. லவ்டேல் தாண்டி பெர்ன்ஹில் வழியாக ஊட்டிக்குப் போகும் மலை ரயிலுக்கு 2005-ல் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கொடுத்ததும் இதே யுனெஸ்கோதான்.

தமிழ்நாட்டில் அந்தக் கோப்பையின் இடத்தில் இருப்பது கிளி. இங்கே சட்டம் தடுப்பது ஜோசியத்தை அல்ல, கிளியைக் கூண்டில் வைப்பதை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஆனாலும் பல பத்தாண்டுகளாக யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

2024 ஏப்ரலில் கடலூர் பாமக வேட்பாளர் தங்கர் பச்சான் கிளி ஜோசியம் பார்த்தார். வெற்றி நிச்சயம் என்றார் ஜோசியர். வீடியோ ஊரெல்லாம் பரவியது. உடனே வனத்துறை வந்தது. ஜோசியரைப் பிடித்தார்கள், கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள், பிறகு எச்சரித்து விட்டுவிட்டார்கள். அன்புமணி கண்டன அறிக்கை விட்டார். தேர்தலில் தங்கர் பச்சான் தோற்றார். கிளியும் போச்சு, ஜோசியமும் போச்சு...

இந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் சொன்னது பாதிதான். பாரம்பரியம் என்று சொல்லி, மரப்பொந்திலிருந்து குஞ்சாகப் பிடித்து, இறக்கையை வெட்டி ஆயுள் முழுக்க அடைத்து வைப்பதை நியாயப்படுத்த முடியாது. காபிக் கோப்பைக்கு வலிக்காது, கிளிக்கு வலிக்கும். அதேசமயம் வீடியோ வந்ததும் மட்டும் விழித்துக்கொள்ளும் சட்டத்தை எப்படி நம்புவது? கூண்டை எடுத்துக்கொண்டு போனவர்கள், அந்த மனிதர் மறுநாள் எதைத் தின்பார் என்று யோசித்த மாதிரி தெரியவில்லை.

கிளி இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் இருபதோ ஐம்பதோ கொடுத்து உட்காருகிறவர் கிளியைப் பார்க்கவா உட்காருகிறார்? மகளுக்கு வரன் அமையுமா, கடன் தீருமா என்று வீட்டில் கேட்க முடியாததை ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைக்கிறாரே, அதற்குத்தான். அந்த வேலையைச் செய்வது ஜோசியர். கிளி செய்வதெல்லாம் சீட்டு எடுப்பது மட்டும்தான். அதே சீட்டுக்கட்டைப் பரப்பி வைத்து, வந்தவரையே ஒன்று எடுக்கச் சொல்லலாம். ஊட்டிக் குளிரில் பக்கத்திலேயே ஒரு டீ கெட்டிலும் வைத்துக்கொண்டால், துருக்கிக்காரர் மாதிரி டீக்கு மட்டும் காசு வாங்கலாம்.