நல்ல அசிஸ்டென்ட் கோச், ஹெட் கோச் ஆனதும் ஏன் தடுமாறுறார்? புரமோஷன் லெட்டர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

சேனல்ல எஸ்ஐபி, டேக்ஸ்னு பேசற ஆள் இன்னைக்கு எதுக்கு ஃபுட்பால் பத்தி எழுதறேன்னு நினைக்காதீங்க. உங்க வாழ்க்கையில வரப்போற பெரிய பண முடிவுல ஒண்ணு, "மேனேஜர் ஆகறீங்களா?"ங்கற கேள்வி. அதுக்கு ஃபுட்பால் கிளப் மாதிரி தெளிவா பதில் சொல்ற இடம் வேற இல்லை. அங்க வேலையோட ரிசல்ட் வாராவாரம் பாயின்ட்ஸ் டேபிள்ல வந்துடும்.

ஐஎஸ்எல்ல இருந்தே ஆரம்பிக்கலாம். 2021 ஜனவரியில நார்த்ஈஸ்ட் யுனைடெட், ஹெட் கோச் ஜெரார்ட் நூஸை நீக்கிட்டு, அசிஸ்டென்டா இருந்த காலித் ஜமீலைத் தற்காலிகமா உட்கார வெச்சாங்க. மிச்சமிருந்த லீக் மேட்ச்ல ஒண்ணுலகூட டீம் தோக்கலை. மூணாவது இடம், செமிஃபைனல். ஒரு ஐஎஸ்எல் டீமை பிளேஆஃப் வரை கூட்டிட்டுப் போன முதல் இந்திய கோச் அவர்தான். அந்த வருஷமே அவரை நிரந்தர ஹெட் கோச் ஆக்கினாங்க. அடுத்த சீசன்ல, 2021-22ல, அதே கிளப் 11 டீம்ல 10ஆவது இடம்.

ஒரே ஆள், ஒரே கிளப். சில மாசத்துல அவருக்கு ஃபுட்பால் மறந்து போச்சா? இல்லை. அவர் 2017லயே ஐஸால் டீமை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினவர். 2025 ஆகஸ்ட்ல இந்திய அணிக்கே ஹெட் கோச் ஆனார். திறமை அப்படியே இருந்தது. மாறினது வேலை.

தற்காலிகமா உட்கார்ந்தப்போ டீம் ஏற்கனவே தயாரா இருந்தது. சோர்ந்து கிடந்த பசங்களை நிமிர்த்தி, அடுத்த மேட்ச்சுக்கு அனுப்பினா போதும். எதிர்பார்ப்பும் குறைவு. நிரந்தரம்னு ஆனதும், யாரை வாங்கறது, யார் போனா யாரை வெச்சு நிரப்பறது, தொடர்ந்து தோத்தா ஓனர்கிட்ட என்ன சொல்றதுன்னு எல்லாம் அவர் தலையில வருது. முந்தின சீசன்ல கலக்கின இளம் மிட்ஃபீல்டர் அபுயா, அதுக்குள்ள மும்பை சிட்டிக்குப் போயிட்டார்.

சீட்டு எழுதறவர் யாரு?

நம்ம மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல பருத்திக்கு மறைமுக ஏலம் நடக்கும். வியாபாரியோட கூட வந்தவர் பஞ்சைக் கையில எடுத்துப் பார்த்தே, "இது நல்ல சரக்குங்க, குவிண்டாலுக்கு இவ்வளவு போகும்"னு சொல்லிடுவார். பெரும்பாலும் சரியாவும் இருக்கும். ஆனா விலையை எழுதிப் போடறது வியாபாரி. கூட எழுதினா நஷ்டம் அவருக்கு. குறைச்சு எழுதினா சரக்கு வேற ஆளுக்கு. ரெண்டு பேருக்கும் பஞ்சைப் பத்தின அறிவு ஒண்ணாவே இருக்கலாம். பணம் போறது ஒருத்தர் பையில இருந்துதான்.

அசிஸ்டென்ட் கோச் கூட வந்தவர் மாதிரி. அவர் பத்து யோசனை சொல்லலாம். ரெண்டு பலிச்சாலே "என்ன மூளைப்பா"ன்னு பேர் வரும். பலிக்காத எட்டும் ஹெட் கோச் கணக்குல போயிடும். பிளேயர்ஸ் அவர்கிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க, ஏன்னா "நீ இன்னைக்கு ஆடலை"ன்னு சொல்றது அவர் இல்லை. நேத்து வரைக்கும் தோள்ல கை போட்டுப் பேசினவர், இன்னைக்கு அதே பையனை பெஞ்ச்ல உட்கார வெக்கணும். நிறைய பேர் உடையற இடம் இதுதான்.

இன்னொரு விஷயத்தை நாம மறந்துடறோம். நாற்காலி ஏன் காலியாச்சு? பெரும்பாலும் டீம் தோத்துக்கிட்டு இருக்கறப்போதான். பிரையன் கிட், மான்செஸ்டர் யுனைடெட்ல அலெக்ஸ் ஃபெர்குசனோட அசிஸ்டென்டா பேர் எடுத்தவர். 1998 டிசம்பர்ல, கீழே தத்தளிச்சுக்கிட்டு இருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு மேனேஜராப் போனார். அந்த சீசன் முடிவுல டீம் ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. 1999 நவம்பர்ல வேலையும் போச்சு.

கார்லோஸ் கெய்ரோஸ் கதை இன்னும் பாடம். அவரும் ஃபெர்குசனோட அசிஸ்டென்ட்தான். 2003ல ரியல் மாட்ரிட் கூப்பிட்டது. அதே கோடையில கிளப் பெக்காமை வாங்குச்சு, டிஃபென்ஸுக்கு முன்னாடி நின்னு டீமைத் தாங்கின மக்கலேலேவை செல்சிக்கு வித்துடுச்சு. நாற்காலி கோச்சுக்கு, சாவி நிர்வாகத்துகிட்ட. லா லிகாவில 4ஆவது இடம், ஒரே சீசன்ல வெளியே. அப்புறம் அவர் மறுபடி யுனைடெட்டுக்கு அசிஸ்டென்டாவே திரும்பினார். 2008ல அந்த டீம் சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சப்போ ஃபெர்குசன் பக்கத்துல இருந்தவர் அவர்தான்.

அப்போ ஜெயிச்சவங்க?

"அர்டெட்டா இல்லையா, ஸ்கலோனி இல்லையா"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. குவார்டியோலாவோட அசிஸ்டென்டா இருந்த அர்டெட்டா, 2019 டிசம்பர்ல ஆர்செனலுக்கு வந்தார். எஃப்ஏ கோப்பை ஜெயிச்சாலும், முதல் ரெண்டு சீசனும் லீக்ல 8ஆவது இடம்தான். கிளப் பொறுத்துக்கிச்சு. 2018 உலகக் கோப்பையில சம்பாவோலியோட குழுவுல இருந்த ஸ்கலோனி, அதுக்கப்புறம் தற்காலிகமா அர்ஜென்டினா பொறுப்புக்கு வந்தார். புதுப் பசங்களைக் கொண்டு வந்து அணியைத் திருப்பிக் கட்டினார். 2021 கோபா அமெரிக்கா, 2022 உலகக் கோப்பை. ஜெர்மனியோட யோக்கிம் லோவ், கிளின்ஸ்மனுக்கு அசிஸ்டென்ட் ஆகறதுக்கு முன்னாடியே ஸ்டுட்கார்ட்ல ஹெட் கோச்சா இருந்து 1997ல ஜெர்மன் கோப்பை ஜெயிச்சவர்.

ஒருத்தருக்கு நேரம் கிடைச்சது. ஒருத்தருக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கற அதிகாரம் கிடைச்சது. ஒருத்தர் அந்தச் சூட்டை ஏற்கனவே பார்த்தவர். என் கருத்து இதுதான்: அசிஸ்டென்ட் தோக்கறதுக்குத் திறமைக் குறைவு பாதிக் காரணம்கூட இல்லை. பொறுப்பை மட்டும் கொடுத்து, அதிகாரமும் நேரமும் கொடுக்காத நாற்காலிதான் அவரைத் தோக்கடிக்குது.

இப்போ உங்க லெட்டர்

திருப்பூர் கம்பெனியில நீங்க நல்ல லைன் சூப்பர்வைசர்னு வைங்க. எந்த டெய்லர் எந்த மெஷின்ல வேகம், எந்த ஆபரேஷன்ல பீஸ் தேங்கும், எல்லாம் அத்துப்படி. "புரொடக்ஷன் மேனேஜர் ஆகு"ன்னு சொல்றாங்க. இனிமே ஷிப்மென்ட் லேட்டாகி சரக்கு ஏர்ல போனா, அந்தச் செலவுக்குப் பதில் சொல்றது நீங்க. ஆனா ஆர்டர் எடுக்கறப்போ "இந்தத் தேதிக்கு முடியாதுங்க"ன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கா? ஆள் எடுக்க, ஓ.டி. போட யார் கையெழுத்து வேணும்? எல்லாத்துக்கும் முதலாளியோட மச்சானைத்தான் கேக்கணும்னா, நீங்க மேனேஜர் சம்பளம் வாங்கற சூப்பர்வைசர். திட்டு மட்டும் மேனேஜர் அளவுக்கு வரும்.

பணக் கணக்கையும் பாருங்க. இப்போ 20,000 சம்பளம், ஓ.டி.யில மாசம் 3,000 வருதுன்னு வைங்க. மேனேஜர் ஆனா 25,000. பார்க்க 5,000 ஏற்றம். மேனேஜருக்குப் பொதுவா ஓ.டி. கிடையாது, அதனால உண்மையான ஏற்றம் 2,000. அதோட, இஎஸ்ஐ சம்பள வரம்பு மாசம் 21,000. அதைத் தாண்டினா, நடக்கற பங்களிப்புக் காலம், அதாவது ஏப்ரல்-செப்டம்பர் இல்ல அக்டோபர்-மார்ச், முடியற வரைக்கும்தான் பிடித்தம் தொடரும். அதுக்கப்புறம் சில மாசத்துல குடும்பத்தோட மருத்துவப் பாதுகாப்பு நின்னுடும். நீங்களே ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கணும். பிரீமியம் அந்த 2,000ல இருந்துதான் போகும்.

அதனால வேண்டாம்னு சொல்லலை. மூணு விஷயத்தைப் பேசி, முடிஞ்சா மெயில்ல வாங்கிக்கோங்க. ஒண்ணு, எந்த முடிவு என் கையில? ரெண்டு, எத்தனை மாசம் கழிச்சு என்னை அளப்பீங்க, எதை வெச்சு? மூணு, சரிவரலைன்னா பழைய வேலைக்குத் திரும்ப வழி இருக்கா?

மூணாவதைக் கேக்க வெக்கப்படாதீங்க. கிளிஃபோர்ட் மிராண்டா 2023 ஏப்ரல்ல ஒடிசாவுக்குத் தற்காலிக ஹெட் கோச்சா இருந்து சூப்பர் கப் ஜெயிச்சார். அடுத்த சீசனுக்கு கிளப் செர்ஜியோ லோபெராவைக் கொண்டு வந்தது. கோப்பை ஜெயிச்ச மனுஷன் மோகன் பகானுக்கு அசிஸ்டென்டாப் போனார். 2025ல நம்ம சென்னையின் எஃப்சி அவரை ஹெட் கோச் ஆக்குச்சு. அசிஸ்டென்ட் நாற்காலியில மறுபடி உட்கார்ந்ததால அவர் மதிப்பு குறையலை.

கடைசியா ஒண்ணு. புரமோஷன் வந்த மாசமே கார் லோன் போடாதீங்க. ஒரு வருஷம் பழைய சம்பளத்துலயே வாழுங்க, ஏற்றம் வந்த தொகையை ஆர்டியிலோ லிக்விட் ஃபண்ட்லயோ போடுங்க. வேலை ஒத்துக்கிச்சுன்னா அது சேமிப்பு. ஒத்துக்கலைன்னா, "எனக்கு இது வேண்டாம் சார், பழைய வேலையே குடுங்க"ன்னு தைரியமா சொல்ல வெக்கற காசு. தலைக்கு மேல இஎம்ஐ இருந்தா அந்த வார்த்தை வாயில வராது.