முங்கினதையும் சொல்லுங்கய்யா!

"ரிமோட் சப்மரைன் பண்றேன்"னு சொன்னா எங்க ஆம்பூர்ப் பக்கம் வர்ற முதல் கேள்வி, "பாலாத்துல தண்ணி எங்கய்யா இருக்கு?" நியாயமான கேள்விதான். ஆனா கடலே இல்லாத அரக்கோணத்துல 1992-லேர்ந்து கடற்படை விமான தளம் இருக்கு, ஐஎன்எஸ் ராஜாளி. நீர்மூழ்கிகளை வேட்டையாடுற டியூ-142 விமானங்கள் 2017 வரைக்கும் அங்கேர்ந்துதான் பறந்துச்சு. இப்ப பி-8ஐ பறக்குது. வறண்ட பூமியில உக்காந்து சப்மரைனைத் தேடலாம்னா, கெணத்துல விட்டு ஓட்டக் கூடாதா? :-)

சரி, மேட்டருக்கு வர்றேன். இது கோவத்துல எழுதுற பதிவு. கோவம் யார் மேலன்னா, இந்தப் பொழுதுபோக்குல பத்து பதினஞ்சு வருஷம் ஊறின பெரியவங்க மேல. புதுசா ஒருத்தன் போய் சந்தேகம் கேட்டா அவங்ககிட்ட மூணு பதில் ரெடியா இருக்கு. "இது ஆரம்பக்காரங்களுக்கு இல்லப்பா." "வெளிநாட்டு கிட் வாங்கிடு." "அதெல்லாம் அனுபவத்துல வரும்." மூணுக்கும் அர்த்தம் ஒண்ணுதான்: சொல்ல மாட்டேன்.

நானும் ஒருத்தர்கிட்ட போனேன். பேர் வேணாம். "முதல்ல ஒரு படகு பண்ணிட்டு வாங்க"ன்னார். பண்ணிட்டுப் போனேன். "சார், இப்ப சப்மரைன்?" "அது வேற சமாச்சாரங்க." அவ்ளோதான்.

நானா பண்ணினேன். 110 மில்லிமீட்டர் பிவிசி பைப், அரை மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் மூடி, உள்ள மோட்டாரு, பேட்டரி, எல்லா கடையிலயும் கிடைக்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட். மாமனார் ஊர்க் கெணத்துல விட்டேன். அழகா மூக்கைக் குத்தி இறங்குச்சு. ஒரு முழம் போனதும் ரிமோட் பேச்சைக் கேக்கல. கடைசியா சொன்ன "கீழ போ"வையே புடிச்சுக்கிட்டு மோட்டார் ஓடுது, சுக்கான் கீழ பாத்தபடியே நிக்குது. போயே போயிடுச்சு.

அது போனாப் போகட்டும். பக்கத்துல நின்ன அக்கா பையன், பதினாலு வயசு, "மாமா, நான் எடுத்துட்டு வர்றேன்"னு சட்டையைக் கழட்டிட்டான். உள்ள மோட்டார் பைப்பு, பாசி, அடியில சேறு. அவன் இடுப்பைப் புடிச்சு இழுத்தப்ப எனக்கு வந்த நடுக்கம் இன்னும் போகல. கப்பல் அங்கேயேதான் கிடக்கு.

அடுத்த வாரம் அந்தப் பெரியவர்கிட்ட சொன்னேன். சிரிச்சார். "2.4 தண்ணிக்குள்ள போகாதே, தெரியாதா?"

தெரியாதுங்க. நீங்க சொல்லல.

இப்ப நான் சொல்றேன். ரேடியோ அலையோட அதிர்வெண் ஏற ஏற தண்ணி அதை விழுங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் நல்ல தண்ணியிலயே கொஞ்ச ஆழத்துல செத்துடும். 27, 40 மெகாஹெர்ட்ஸ் மாதிரி பழைய பட்டைகள் உப்பில்லாத தண்ணியில சில மீட்டர் போகும். பழைய பொம்மைக் கார்ல இருக்கிற 27 மெகாஹெர்ட்ஸ் போர்டே ஆரம்பத்துக்குப் போதும். ஆனா உப்புத் தண்ணி மின்சாரத்தைக் கடத்தும், அதுல அதுவும் திணறும். பாலாத்தங்கரையில டேனரிக் கழிவு இறங்கின கெணறுகளோட கதை 1996-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போனது. அதனால நம்மூர்ல கப்பலுக்கு முன்னாடி தண்ணியைப் பாக்கணும். ரிசீவரையும் ஒரு எல்ஈடியையும் ஜாடியில போட்டு இறுக மூடி, கல்லைக் கட்டி, கயித்துல இறக்குங்க. எத்தனை அடியில விளக்கு கேக்காம போகுதோ அதான் உங்க எல்லை. இந்த ஒரு வரி எனக்கு முன்னாடியே கிடைச்சிருந்தா அந்தப் பையன் சட்டையைக் கழட்டியிருக்க மாட்டான்.

கணக்கும் யாரும் சொல்றதில்ல. அந்த அரை மீட்டர் பைப் தள்ளுற தண்ணி 4.75 லிட்டர். அப்ப மொத்தக் கப்பலும் 4.75 கிலோ இருந்தாத்தான் முங்கவும் முங்காது, மிதக்கவும் மிதக்காது. பத்துல ஒரு பங்கு வெளிய தெரியற மாதிரி மிதந்து, அப்புறம் முங்கணும்னா உள்ள 475 மில்லி தண்ணி எடுக்கணும். மெடிக்கல் ஷாப்புல வாங்குற 60 மில்லி சிரிஞ்சுன்னா எட்டு வேணும்! சிரிஞ்ச் வச்சுத்தான் பண்ணுவேன்னா கப்பலைச் சின்னதாக்குங்க. இல்லன்னா தண்ணித் தொட்டியே வேணாம், லேசா மிதக்க விட்டு, வேகத்துலயும் சுக்கான்லயும் முங்க வைங்க. சிக்னல் போனா மோட்டார் நிக்கிற மாதிரி ரிசீவரை அமைச்சுட்டா, அதுவா மேல வந்துடும். என்னுது ஏன் வரலன்னு இப்ப புரியுதா?

இன்னொண்ணு. ஒரு மீட்டர் ஆழத்துல அந்த 110 மில்லிமீட்டர் மூடி மேல ஒன்பதரை கிலோ அழுத்துது. வெறும் பசையை நம்பாதீங்க, ஓ-ரிங் போடுங்க. முக்கியமா, மூடின குழாய்க்குள்ள லெட் ஆசிட் பேட்டரியை சார்ஜ் பண்ணாதீங்க. ஹைட்ரஜன் சேரும். மோட்டார் பிரஷ்ல ஒரு பொறி போதும். "அனுபவத்துல வரும்"னு சொல்றவங்களே, இந்த அனுபவம் வந்தா விரல் இருக்குமா?

"நான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன், சும்மா ஏன் சொல்லணும்?"னு கேக்கலாம். அவருக்கு எங்க ஊரையே பதிலாச் சொல்றேன். ஆவாரம்பட்டையில பதனிட்டு, பாதி வேலையோட தோலைக் கப்பல் ஏத்திக்கிட்டு இருந்த பெல்ட் இது. 1970-கள்ல அரசு அந்த ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டுச்சு, முழுசா முடிச்ச தோலா அனுப்புன்னு. அன்னிக்கு எல்லா மேஸ்திரியும் பக்குவத்தை மடியில கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா இன்னிக்கு ஆம்பூர்ல ஷூ கம்பெனி இருந்திருக்காது. 1948-ல சென்னையில தொடங்கின மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் செஞ்ச பெரிய வேலையே, தெரிஞ்சதை எழுதி வச்சு, தெரியாதவனைக் கூப்பிட்டுப் பயிற்சி குடுத்ததுதான்.

இன்னும் கேளுங்க. பிஸ்டனுக்கு வாஷர் தேடி வாணியம்பாடியில ஒரு பழைய பம்ப் கடைக்குப் போனேன். "எதுக்கு தம்பி?"ன்னார் பாய். தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிக்கல. தோல் கப் வாஷர் ஒண்ணை எடுத்து, "விளக்கெண்ணெயில ஒரு ராத்திரி ஊறப் போடு. வாய் தண்ணிப் பக்கம் பாக்கணும். அழுத்தம் ஏற ஏற அதுவே விரிஞ்சு அடைச்சுக்கும்"னார். 1795-ல இங்கிலாந்துல ஜோசப் பிரமா காப்புரிமை வாங்கின ஹைட்ராலிக் பிரஸ் ஒழுகாம நின்னது இதே மாதிரி தோல் வளையத்தாலதான். இந்தியா மார்க் டூ கைப்பம்புலயும் முதல்ல இருந்தது தோல் வாஷர்தான். பத்து ரூபா வியாபாரத்துக்கு பாய் சொன்னதுல பாதியைக் கூட, பதினஞ்சு வருஷப் பெரியவர் எனக்குச் சொல்லல.

புதுசா வர்றவங்களுக்கும் ஒரு குட்டு. "சப்மரைன் எப்படிப் பண்றது?"ன்னு மொட்டையா கேக்காதீங்க. என்ன பைப், என்ன எடை, எங்க ஒழுகுச்சுன்னு சொல்லிக் கேளுங்க. கிடைச்ச பதிலை வாங்கிக்கிட்டு காணாமப் போகாதீங்க. பெரியவங்க அலுத்துப் போனதுல உங்க பங்கும் இருக்கு.

பதிவர்களே, நம்மள்ல நிறைய பேர் எதையாவது குடைஞ்சுக்கிட்டு இருக்கோம். ஓடின படத்தைப் போட்டு "எப்பூடி!"ன்னு கேக்குறோம். அதுக்கு முன்னாடி முங்கின மூணை எவனும் எழுதுறதில்ல. படத்தைப் பாத்து ஆசை வரும், முங்கின கதையைப் படிச்சாத்தான் கப்பல் வரும்.

என் ரெண்டாவது கப்பல் 60 மில்லி சிரிஞ்ச் சைஸுல தயாராகுது. வாலுல தூண்டில் நரம்பு, அதோட நுனியில மிதவை. எடை, அளவு, ஒழுகின இடம் எல்லாம் அடுத்த பதிவுல வரும், ஓடினாலும் ஓடலன்னாலும்.

டிஸ்கி: கெணத்துல எது விழுந்தாலும் பசங்களை இறக்காதீங்க. கப்பலை இன்னொண்ணு பண்ணிக்கலாம்.