கோட்டோவியம் ஊர் ஊராகப் போகும் போட்டி: முதலமடைக்கு வருமா?

முதலமடை என்றால் மாம்பழம்தான் ஞாபகம் வரும். ஆனால் எழுத்தாளர், கார்ட்டூனிஸ்ட் ஓ.வி. விஜயனும் இதே பாலக்காடு மாவட்டத்துக்காரர்தான். இன்றைக்கு இங்கே பென்சிலும் பேப்பருமாக வரையும் ஒருவர் தன் வேலையை எங்கே காட்டுவது?

பிரிட்டனில் இதற்கென்றே 1994இல் ஒரு திறந்த போட்டி தொடங்கியது. 2001 முதல் 2017 வரை அதன் பெயர் ஜெர்வுட் டிராயிங் பிரைஸ். 2018இல் டிரினிட்டி பாய் வார்ஃப் என மாறியது. மாணவர், மூத்த ஓவியர் எல்லோருக்கும் ஒரே வரிசை. நுழைவுக் கட்டணம் உண்டு, அது ஒரு குறைதான். ஆனால் தேர்வானவை லண்டனோடு நிற்காமல் மற்ற ஊர்களுக்கும் போகும்.

நம்ம பக்கம்? லலித் கலா அகாடமியின் தேசியக் கண்காட்சி 1955 முதல் நடக்குது. அதில் டிராயிங் பல பிரிவுகளில் ஒன்று, அவ்வளவுதான். 2012இல் தொடங்கிய கொச்சி பினாலே உலகக் கலையைக் கேரளாவுக்குக் கொண்டு வந்தது. பார்க்க நாமதான் கொச்சிக்குப் போகணும்.

இத்தனைக்கும் ஊர் சுற்ற ரொம்பத் தோதான கலை இதுதான். சிற்பத்துக்கு லாரி வேணும். நாற்பது கோட்டோவியங்கள் ஒரு காரில் அடங்கும், ஒரு பள்ளிக்கூட ஹால் போதும். முதலமடைக்கு வந்தால் படத்துக்குக் கீழே மலையாளத்தோடு தமிழிலும் நாலு வரி எழுதணும். இங்கே பல வீடுகளில் பேச்சு தமிழ்தான்.