பிளம்பருக்கு 400, அடைப்பு எடுப்பவருக்கு எவ்வளவு?

போன மாதம் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் வந்தன. முதலில் சமையலறைக் குழாய் ஒழுகியது. நான்கு நாள் கழித்து வாசல் பக்கத்து சேம்பர் நிரம்பி, கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலே எழும்பியது. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வராத தெரு எங்களுடையது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான்.

குழாய்க்கு வந்தவர் பிளம்பர். பைக்கில் வந்தார், திருகிப் பார்த்தார், உள்ளே தேய்ந்துவிட்டது, வாஷர் மாற்றினால் நிற்காது, குழாயையே மாற்ற வேண்டும் என்றார். புதுக் குழாய் கடையில் 650 ரூபாய். அவர் கூலி 400. வேலை இருபது நிமிடம். வீட்டுக்கார அம்மாவுக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. "இருபது நிமிஷத்துக்கு நானூறா?" என்று எங்களிடம்தான் முணுமுணுத்தார், அவரிடம் கேட்கவில்லை. எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். "நம்பர் குடுத்துட்டுப் போங்க தம்பி, அவசரத்துக்கு ஆகும்" என்றார்.

அந்த அவசரம்தான் நான்கு நாளில் வந்தது. கூப்பிட்டால் பிளம்பர், "அது நாங்க எடுக்கிறதில்ல, ஆள் அனுப்புறேன்" என்றார். வந்த ஆளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கூட ஒரு பையன். நீளமான மூங்கில் பிளாச்சு, கம்பி, ஒரு வாளி. கையுறை இல்லை, பூட்ஸ் இல்லை. மூன்று சேம்பர்களின் மூடியையும் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, பிளாச்சை விட்டுக் குத்தி, அசையாததைக் கைவிட்டு அள்ளி, ஒன்றரை மணி நேரம் வேலை பார்த்தார்கள். வெளியே வந்தது என்ன? நாப்கின், டயப்பர், முடி, கெட்டிப்பட்ட எண்ணெய், சோற்றுப் பருக்கை. எல்லாம் இந்த வீட்டின் மூன்று குடித்தனங்கள் உள்ளே தள்ளியவை. எங்கள் பங்கும் அதில் உண்டு.

பெரியவர் 800 ரூபாய் கேட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து. வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்தே, "ஐநூறு வாங்கிக்கோ, அவ்வளவுதான்" என்றார். நான்கு நாள் முன்பு இருபத்தைந்து வயதுப் பிளம்பரிடம் "போங்க தம்பி" என்ற அதே வாய், தன்னைவிட மூத்தவரிடம் "வாங்கிக்கோ" என்றது. டீ வந்தது, காகிதக் கப்பில். கேட்டால் சுகாதாரம் என்பார்கள். நான்கு நாள் முன்பு அந்தச் சுகாதாரம் எங்கே போயிருந்தது என்று கேட்டிருக்கலாம். அன்று நாங்கள் கேட்கவில்லை. மீதி 300 ரூபாயை நாங்கள் கொடுத்தோம். அப்போதுதான் பையன் சொன்னான், அதில் 100 ரூபாய் அனுப்பிவைத்த பிளம்பருக்குப் போகும் என்று.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். இருபது நிமிடத்துக்கு ஒருவருக்கு 400. ஒன்றரை மணி நேரத்துக்கு இருவருக்கு 700. எங்கள் 300 இல்லாமல் போயிருந்தால் 400. அதாவது அழுக்குப் படாத இருபது நிமிடமும், மலத்தில் கைவிட்ட மூன்று மனித மணி நேரமும் ஒரே விலை.

இதைப் பிளம்பருக்கு எதிராக எழுதுகிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளம்பர் கூலி அதிகம் என்ற புலம்பலை நடுத்தர வர்க்க வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். அது நியாயமற்ற புலம்பல். ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. படிக்காமல் மேஸ்திரியிடம் கற்றுக்கொள்பவர் பல வருடம் ஹெல்ப்பராகக் கஷ்டப்படுகிறார். இருபது நிமிட வேலைக்கு முன்னும் பின்னும் பயணம் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, ரெஞ்சும் டிரில்லிங் மெஷினும் அவர் காசில் வாங்கியவை. வேலை வராத நாள் உண்டு. நாளைக்கு மறுபடி ஒழுகினால் காசு வாங்காமல் வந்து பார்ப்பார். 400 ரூபாய் என்பது இத்தனைக்கும் சேர்த்துத்தான். 650 ரூபாய்க் குழாயைப் பேரம் பேசாமல் வாங்குகிறவர்கள் அதைப் பொருத்துகிறவரிடம் நிமிடக் கணக்குப் பார்ப்பது உழைப்பின் மீதுள்ள இளக்காரம்.

சரி, இதே நியாயங்களை அடைப்பு எடுப்பவருக்கும் பொருத்திப் பாருங்கள். பயணம் அவருக்கும் உண்டு. கருவி அவருடையது. திறமை? எந்த சேம்பரில் அடைப்பு நிற்கிறது என்பதை மூடியைத் திறந்ததும் தண்ணீர் மட்டத்தை வைத்துச் சொன்னார் பெரியவர். இரண்டாவது, மூன்றாவது சேம்பர்களுக்கு நடுவே பைப்புக்குப் போதுமான சரிவு கொடுக்கவில்லை, எத்தனை முறை எடுத்தாலும் அங்கேதான் நிற்கும் என்றும் சொன்னார். வீடு கட்டிய பொறியாளருக்குத் தெரியாதது, அல்லது தெரிந்தும் செய்யாதது. அவருக்கான ஆபத்தைப் பிளம்பரின் ஆபத்தோடு ஒப்பிடவே முடியாது. அப்படியானால் அவர் விலை ஏன் கீழே இருக்கிறது?

குழாய் வேலை 'தொழில்'. அடைப்பு எடுப்பது 'அவங்க வேலை'. இந்த ஒரு சொல் மாற்றத்தில்தான் விலை விழுகிறது. தொழிலாக இருந்தால் கற்றதற்குக் கூலி கேட்கலாம். பிறப்பால் வந்ததாக ஊர் நினைக்கும் வேலைக்குக் கற்றல் என்று ஒன்று இருப்பதையே ஊர் ஒப்புக்கொள்ளாது. சந்தையில் தேவை அதிகமாகி, ஆள் குறைந்தால் விலை ஏறும் என்று பொருளாதாரப் பாடம் சொல்கிறது. இந்த வேலைக்கு வர யாரும் தயாராக இல்லை, ஆனாலும் விலை ஏறவில்லை. வேறு வேலைக்குப் போகும் வழி அடைக்கப்பட்ட ஒரு சாதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை அந்தப் பாடம் இங்கே செல்லாது. வேலைப் பிரிவினை பற்றி அம்பேத்கர் எழுதியதை நாம் கருத்தரங்குகளில் விவாதிக்கிறோம். அது நம் வீட்டு வாசலில் ரசீது இல்லாத பில்லாக வந்து நிற்கிறது.

வழி அடைக்கப்பட்டது என்று பொதுவாகச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. நாங்கள் வேலை செய்யும் குடியிருப்பு ஒன்றில் ஓர் இளைஞர் பிளம்பர் பிரிவு படித்து முடித்தவர். சிபிவிசி பைப் வேலை சுத்தமாகச் செய்வார். முதல் ஆறு மாதம் ஊருக்குள் நல்ல வேலை கிடைத்தது. எந்தத் தெரு என்று ஒரு வீட்டில் கேட்டார்கள், சொன்னார். அடுத்த முறை அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது, "உங்க பக்கத்து ஆளுங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்துருப்பா" என்று. குழாய் வேலைக்கு அவர்கள் வேறு ஆளைப் பிடித்திருந்தார்கள். பூஜையறையை ஒட்டிய சமையலறைக்குள் இவர் வருவதில் அவர்களுக்கு என்னவோ சங்கடம். சான்றிதழ் ஒன்றுதான், கை ஒன்றுதான். உள்ளே வரும் தண்ணீருக்கு அவரை அழைப்பதில்லை, வெளியே போகும் தண்ணீருக்கு அழைக்கிறார்கள். இப்போது அவர் தெரு பெயர் சொல்வதில்லை. பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிறார்.

இந்த இடத்தில் நல்ல மனதுள்ள நண்பர்கள் ஒரு தீர்வு சொல்வார்கள்: "அப்படின்னா கூடக் குடுத்துரலாமே." சேம்பருக்கு, ஆம். தரையில் நின்று, மோட்டார் வைத்த சுருள்கம்பியாலோ தண்ணீரைப் பீய்ச்சியோ, கையுறையும் பூட்ஸும் போட்டு எடுக்கிற அடைப்புக்குப் பிளம்பர் கூலியைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். கைவிட்டு அள்ளுவதற்கும் செப்டிக் டேங்குக்குள் இறங்குவதற்கும் அது பொருந்தாது. அவற்றுக்குக் கூலி நிர்ணயிக்கவே கூடாது. 2,000 கொடுத்தாலும் 20,000 கொடுத்தாலும் இறக்கிவிடுவது குற்றம்.

1993-லேயே ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லை என்று 2013-ல் கையால் மலம் அள்ளும் பணியாளர் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அதன் 7-வது பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடுகளின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. மாநகராட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் மட்டுமல்ல, எந்த நபருக்கும். நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. 'பிளம்பர்தான் ஆள் அனுப்பினார்' என்று வீட்டுக்காரர் தப்பிக்க முடியாது. முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம். இதைச் சொன்னபோது வீட்டுக்கார அம்மா உண்மையாகவே திகைத்துப் போனார். சட்டம் என்பது அரசாங்கத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இறந்தவர்களின் விலையும் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 2014-ல் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு வைத்த சாக்கடை மரணப் பட்டியலில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. சமூக நீதியில் முன்னோடி என்று சொல்லும்போது இந்த முதலிடத்தையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

டேங்க் மரணங்களில் ஏன் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருகிறது? ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்த நொடியில் இறங்கியவர் மயங்கி விழுகிறார். மேலே நிற்பவர் அண்ணனாகவோ மச்சானாகவோ இருப்பார். யோசிக்காமல் தூக்கப் போவார். அவரும் விழுவார். முந்நூறு நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்க லாரியைக் கூப்பிடாமல் விட்ட வீடுகளின் வாசலில் இது நடக்கிறது.

லாரி கிடைக்காமல் இல்லை. செப்டிக் டேங்க் கழிவகற்ற 14420 என்ற இலவச எண் இருக்கிறது. உரிமம் பெற்ற வண்டிதான் எடுக்க வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு லோடுக்கு 1,500 முதல் 2,500 வரை கேட்கிறார்கள். மூன்று குடித்தனம் பகிர்ந்தால் தலைக்கு ஆயிரம் கூட வராது, அதுவும் சில வருடத்துக்கு ஒரு முறை. லாரி வந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அடியில் இறுகிய கசடு குழாயில் ஏறவில்லை என்று ஆளை இறங்கச் சொல்வார்கள். தண்ணீர் பாய்ச்சிக் கலக்கித்தான் உறிஞ்ச வேண்டும், கூடுதல் ஒரு லோடு ஆகலாம், ஆகட்டும்.

எங்கள் வீட்டு டேங்க் நிரம்பும் காலம் வந்துவிட்டது. லாரிதான் என்று சொல்லிவிட்டோம், எங்கள் பங்கையும் எடுத்து வைத்துவிட்டோம். சேம்பர் சரிவைச் சரிசெய்யப் பெரியவரையே கூப்பிடலாம், பிளம்பருக்குத் தரும் நாள் கூலியையே தரலாம் என்றும் கேட்டோம். வீட்டுக்கார அம்மா லாரிக்குச் சரி என்றார். சரிவு வேலைக்கு மட்டும், "அதுக்கு நல்ல பிளம்பரா பாருங்களேன்" என்கிறார். பெரியவரை அழைத்துவந்து அவர் எதிரிலேயே சரிவைக் காட்டச் சொல்லியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.